பரங்கியும் ஆப்பிளும் ஒரே நேரத்தில் வேகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இலையுதிர் காலம் வந்துவிட்டால் சமையல் பக்கங்களில் தவறாமல் தலைகாட்டும் குறிப்பு ஒன்று உண்டு. பரங்கிக்காய், ஆப்பிள், வெங்காயம் மூன்றையும் நறுக்கி, எண்ணெய் விட்டுப் பிசிறி, ட்ரேயில் கொட்டி, ஓவனில் 30 நிமிடம் வைத்து எடுங்கள் என்று நான்கே வரியில் முடிந்துவிடும். உங்கள் நாளிதழிலும் அண்மையில் வந்தது. வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு வார நாள் இரவில் செய்துவிடக்கூடிய சமையல் இது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த நான்கு வரியை அப்படியே பின்பற்றினால் பெரும்பாலும் குழைந்துபோன ஆப்பிளும், நடுவில் நறுக்கென்று நிற்கும் பரங்கியும், ட்ரேயின் அடியில் தேங்கிய இனிப்புத் தண்ணீரும்தான் கிடைக்கும். செய்தவர் தன் கைப்பக்குவத்தை நொந்துகொள்வார். பிழை குறிப்பில் இருக்கிறது. எத்தனை கிராம், எந்த அளவுத் துண்டு, எது முதலில் எது பிறகு என்ற மூன்றும் அதில் இல்லை.

பரங்கி என்று நான் எழுதுவதைச் சிலர் மஞ்சள் பூசணி என்பார்கள், சிலர் அரசாணிக்காய் என்பார்கள். உள்ளே ஆரஞ்சு நிறச் சதை உள்ள எல்லா வகைக்கும் கீழே சொல்வது பொருந்தும். வெண்பூசணியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது நீர்க்காய், சிவக்காது.

முதலில் ஏன் ஒன்றாகப் போடக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காயானாலும் பழமானாலும் அதன் செல் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். அது இளகித்தான் காய் மெதுவாகிறது. பரங்கியில் இது நடக்க, துண்டின் நடுப்பகுதி சுமார் 85 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும், தாண்டிய பிறகும் சில நிமிடங்கள் அந்தச் சூட்டில் இருக்க வேண்டும். பரங்கிச் சதை அடர்த்தியானது, சூடு உள்ளே போக நேரம் பிடிக்கும். ஆப்பிள் அப்படி அல்ல. அதன் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு வெறும் காற்று. தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். சூடு ஏறியதும் அந்தக் காற்று விரிந்து வெளியேற, சுவர்கள் இளக, துண்டு அப்படியே அமர்ந்துவிடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சர்க்கரை. ஆப்பிளில் உள்ள சர்க்கரையில் பாதிக்கு மேல் ஃபிரக்டோஸ். நாம் காப்பியில் போடும் வெள்ளைச் சர்க்கரை கருக ஆரம்பிக்க 160 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஃபிரக்டோஸுக்கு 110 டிகிரி போதும். ஆக, பரங்கி வேகும் வரை ஆப்பிளைக் காத்திருக்க வைத்தால் அது உள்ளே குழைந்தும் ஓரத்தில் கரிந்தும் போகும். இரண்டும் ஒரே துண்டில்!

சிலர் பரங்கியைச் சின்னதாகவும் ஆப்பிளைப் பெரிதாகவும் நறுக்கினால் நேரம் சரியாகிவிடும் என்பார்கள். பாதி உண்மை. பரங்கியை ஒரு சென்டிமீட்டருக்கு நறுக்கினால் சீக்கிரம் வேகும்தான், ஆனால் சிவப்பதற்குள் வற்றிச் சுருங்கித் தோல் மாதிரி ஆகிவிடும். ஆப்பிளைப் பிந்திப் போடுவது ஒன்றே சுலபமான வழி.

அளவைச் சொல்கிறேன். துணை உணவாக நான்கு பேருக்கு, இதையே சாப்பாடாக வைத்துக்கொண்டால் இரண்டு அல்லது மூன்று பேருக்கு: தோலும் விதையும் நீக்கிய பரங்கி 750 கிராம் (முழுக்காயாக வாங்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்), நடுத்தர ஆப்பிள் இரண்டு, அதாவது 300 முதல் 350 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, எண்ணெய் இரண்டரை மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறோ வினிகரோ இரண்டு தேக்கரண்டி, விருப்பப்பட்டால் வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வறுத்த வால்நட் அல்லது பரங்கி விதை ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். பட்டைத்தூள், தேன், பழுப்புச் சர்க்கரை என்று பட்டியலை நீட்டுகிற குறிப்புகளைப் பார்க்கும்போது, எழுதியவர் இதைப் பலகாரம் என்று நினைத்துவிட்டாரோ என்று தோன்றும். பரங்கியும் ஆப்பிளும் சூட்டில் நீர் வற்றியதும் தாமாகவே போதிய அளவு இனிக்கும். குறைவது புளிப்பும் உப்பும்தான்.

பரங்கியை 2 சென்டிமீட்டர் சதுரத் துண்டாக நறுக்க வேண்டும். துல்லியமான கனசதுரம் தேவையில்லை, ஆனால் ஒன்று கட்டைவிரல் நுனி அளவும் ஒன்று எலுமிச்சை அளவும் இருந்தால் எந்த நேரக் கணக்கும் உதவாது. வெங்காயத்தை வேர்ப்பகுதியை வெட்டி எறியாமல் நெடுக்காக எட்டுத் துண்டாக்குங்கள். வேர் பிடித்துக்கொண்டிருப்பதால் இதழ் இதழாகப் பிரிந்து கரியாது. ஆப்பிளைத் தோலோடு, விதைப்பகுதியை மட்டும் நீக்கி, ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு வில்லையாக நறுக்கலாம். தோல்தான் வில்லையின் உருவத்தைக் காப்பாற்றுகிறது. சீவிவிட்டால் புரட்டும்போதே உடையும். நறுக்கிய ஆப்பிள் பழுப்பாகிறதே என்று எலுமிச்சைத் தண்ணீரில் ஊறவைப்பவர்கள் உண்டு. இந்தச் சமையலுக்கு அது வேண்டாத வேலை. எப்படியும் சிவக்கப்போகிற பழம். தண்ணீரில் போட்டெடுத்தால் அந்த ஈரம் காயும் வரை சிவக்காது என்பதுதான் மிச்சம்.

இனி ட்ரே. விடுபட்டுப்போகிற விவரங்களில் இதுதான் முக்கியமானது என்பேன். 2 சென்டிமீட்டர் பரங்கித் துண்டு ஒன்று ஏறக்குறைய 8 கிராம். 750 கிராமுக்குத் தொண்ணூறு துண்டுக்கு மேல் வரும். ஒவ்வொன்றும் 4 சதுர சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். ஆக பரங்கிக்கு மட்டும் 375 சதுர சென்டிமீட்டர். ஆப்பிளுக்கு இன்னும் 200க்கு மேல், வெங்காயத்துக்கு நூறு. 30க்கு 40 சென்டிமீட்டர் ட்ரேயில் 1,200 சதுர சென்டிமீட்டர் இருக்கிறது. அதாவது எல்லாம் போட்டும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நிரம்பும், துண்டுகளுக்கு நடுவே ட்ரேயின் அடி தெரியும். அப்படித் தெரிய வேண்டும். அதே அளவை 28க்கு 28 சென்டிமீட்டர் ட்ரேயில் கொட்டினால் 780 சதுர சென்டிமீட்டரில் 700 அடைபட்டுவிடும். பரங்கியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்த நீராவி போக வழியில்லாமல் துண்டுகளுக்கு இடையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் காய் அவியும், சிவக்காது. நீர் இருக்கும் வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது, நிறமும் மணமும் அதற்கு மேல்தான் பிறக்கும். சிறிய ஓவன் வைத்திருப்பவர்கள் அளவை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொள்வது நல்லது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதைவிட ஒரு கவளம் குறைவாகச் சாப்பிடலாம்.

உலோக ட்ரேதான் வேண்டும். கருத்த ட்ரே வேகமாகச் சிவக்க வைக்கும், பளபளப்பான அலுமினியம் சற்று மெதுவாக. கண்ணாடிப் பாத்திரம் இதற்கு ஏற்றதல்ல, சூடேறத் தாமதிக்கும். அதைக் காலியாக ஓவனில் காயவைத்துக் குளிர்ந்த காயைக் கொட்டினால் வெடித்துச் சிதறவும் கூடும்.

ஓவனை 220 டிகிரிக்கு வைத்து, காலி ட்ரேயை உள்ளே வைத்தே சூடாக்குங்கள். விசிறி சுழலும் ஓவன் என்றால் 200 போதும். காயும் வெங்காயமும் நறுக்கி முடிக்கும் நேரத்துக்குள் ட்ரே நன்றாகக் காய்ந்திருக்கும். பரங்கி, வெங்காயம் இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள் சேர்த்துக் கையால் பிசிறிவிட்டு, காய்ந்த ட்ரேயில் பரப்ப வேண்டும். சொய்யென்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் ட்ரே காயவில்லை. பரங்கியின் சர்க்கரை கசிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும், புரட்டும்போது சிவந்த பக்கம் ட்ரேயோடு நின்றுவிடும். வெண்ணெய்த்தாள் விரித்தால் ஒட்டாது, பாத்திரம் கழுவும் வேலையும் மிச்சம், ஆனால் அடி அவ்வளவாகச் சிவக்காது. எது முக்கியம் என்பதை அவரவர் களைப்பு முடிவு செய்யட்டும். தாள் 220 டிகிரி தாங்குமா என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் 20 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம், கிளற வேண்டாம். பிறகு ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் இளம்பழுப்பாகி, ஓரங்கள் சற்று உள்வாங்கியிருக்க வேண்டும். கத்தி முனையைக் குத்தினால் முக்கால் ஆழம் வரை சுலபமாகப் போய், நடுவில் மட்டும் லேசாகத் தடுக்க வேண்டும். இதுதான் ஆப்பிள் சேர்க்கும் தருணம். கத்தி தடையே இல்லாமல் போனால் தாமதித்துவிட்டீர்கள், ஆப்பிளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். பாதியிலேயே நின்றால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். மீதி எண்ணெயும் உப்பும் பிசிறிய ஆப்பிள் வில்லைகளைப் பரங்கித் துண்டுகளைப் புரட்டிவிட்டு இடைவெளிகளில் படுக்கவையுங்கள், மேலே தூவ வேண்டாம். இன்னும் 12 முதல் 15 நிமிடம். ஆப்பிளின் தோல் சுருங்கி, வெட்டுப்பட்ட முகம் தங்க நிறமாகி, முள்கரண்டியால் தூக்கினால் வளைந்தும் உடையாமல் இருந்தால் இறக்கிவிடலாம்.

எலுமிச்சையோ வினிகரோ இறக்கிய பிறகுதான். முதலிலேயே பிசிறினால் சுவை ஊறும் என்று நம்புகிறவர்கள் பலர். புளிப்பு பெக்டினை இளகவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். தக்காளியோடு போட்ட பயறு வேக மறுப்பது இதே காரணத்தால்தான். பரங்கி 35 நிமிடம் ஆகியும் கடினமாகவே இருக்கிறது என்று வருந்துகிறவர்களில் சிலராவது எலுமிச்சையை முதலிலேயே பிழிந்தவர்களாக இருப்பார்கள். வெண்ணெயும் கடைசியில்தான். அதிலுள்ள பால்பொருள் 220 டிகிரியில் கருகிக் கசக்கும். சூடான காயின் மேல் போட்டுப் புரட்டினால் அதுவாக உருகிப் பூசிக்கொள்ளும். தேன் சேர்த்தே தீருவேன் என்பவர்கள் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு தேக்கரண்டி விடலாம். தேனிலும் ஃபிரக்டோஸ்தான் அதிகம், ஆப்பிளுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும். வாசனைப் பொருள்களில் ரோஸ்மேரி, தைம், சேஜ் போன்ற கட்டை இலைகளைப் பரங்கியோடு முதலிலேயே சேர்க்கலாம், மல்லி, பார்ஸ்லி போன்றவை இறக்கியபின். முழுச் சீரகம் தாக்குப்பிடிக்கும். பொடி 35 நிமிடம் தாங்காது, அதை ஆப்பிளோடு சேர்த்துப் போடுங்கள்.

எந்த ஆப்பிள் என்று சொல்லாத குறிப்பு அரைக்குறிப்பு. கிரானி ஸ்மித் புளிப்பும் உருவமும் இரண்டையும் காக்கும், இதற்கு அதுதான் முதல் தேர்வு. பிங்க் லேடி, ஹனிகிரிஸ்ப் இரண்டும் நன்றாக நிற்கும். ஃபியூஜி, காலா கிடைத்தால் பயன்படுத்தலாம், இனிப்பு தூக்கலாக இருக்கும், எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மெக்கின்டாஷும் பிராம்லியும் சூடுபட்டதும் கூழாகிற இனம்; சாஸுக்கு அருமை, இதற்கு ஆகாது. பெயர் தெரியாத ஆப்பிள் என்றால் விரலால் அழுத்திப் பாருங்கள், சற்றேனும் உள்வாங்கினால் அது அப்படியே கடித்துச் சாப்பிட.

பேரிக்காய் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரி மரத்திலிருந்து பறித்த பிறகு, உள்ளிருந்து வெளியே பழுக்கும். வெளியே அழுத்திப் பார்த்து மெதுவாக இருந்தால் உள்ளே ஏற்கெனவே கனிந்து போயிருக்கும். காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியை அழுத்திப் பாருங்கள். அது இப்போதுதான் இளக ஆரம்பித்திருக்கிறது என்றால் ஓவனுக்கு ஏற்ற பதம். பாஸ்க் வகை உருவம் கெடாது. பார்ட்லெட் கனிந்துவிட்டால் கரைந்துவிடும். நேரம் ஆப்பிளைவிட இரண்டு மூன்று நிமிடம் குறைவு. விதையில்லாத திராட்சையைக் காம்போடு கொத்தாக வைத்தால் பத்து நிமிடத்தில் வெடித்துச் சாறு விடும், அந்தச் சாறே போதும், எலுமிச்சை வேண்டாம். கிரான்பெர்ரி ஒரு கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள். சீமைமாதுளை என்கிற குயின்ஸ் அழகான பழம்தான், மணமும் சொல்லி மாளாது. ஆனால் மணிக்கணக்கில் வேகவேண்டும், வார நாள் இரவு அதற்கானதல்ல.

பரங்கிக்குப் பதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. கிழங்கின் உள்சூடு சுமார் 57 முதல் 75 டிகிரிக்குள் இருக்கும் நேரத்தில்தான் அது வேலை செய்யும். அந்தக் கட்டத்தை வேகமாகத் தாண்டிவிட்டால் கிழங்கு வேகும், ஆனால் இனிக்காது. ஆகவே கிழங்கை 3 சென்டிமீட்டராகப் பெரிதாக நறுக்கி, ட்ரேயைச் சூடாக்காமல், 200 டிகிரியில் 25 நிமிடம் வைத்து, பிறகு ஆப்பிள் சேர்த்துச் சூட்டை 220க்கு ஏற்றுங்கள். மொத்தம் 40 நிமிடம். கிழங்கை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் நடுவில் ஒரு கட்டி விழும், எவ்வளவு வேகவைத்தாலும் அது இளகாது. குறிப்பைக் குறை சொல்லிப் பயனில்லாத இடம் இது ஒன்றுதான்.

பரங்கி நறுக்குவது பலருக்குப் பயம். பயப்பட வேண்டியதும்தான், உருளும் காயில் வழுக்கிய கத்தி நேராகக் கைக்குத்தான் வரும். பட்டர்நட் வகை என்றால் முதலில் இரு முனையையும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்து தட்டையாக்குங்கள். பிறகு கழுத்து முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். இப்போது இரண்டும் தனித்தனியே பலகையில் அசையாமல் நிற்கும். நிற்க வைத்தபடியே மேலிருந்து கீழாகத் தோல்சீவியால் சீவலாம். ஒரு சீவலில் தோல் போய்விட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். அடியில் வெளிறிய ஓர் அடுக்கும் மெல்லிய பச்சைக் கோடுகளும் தெரியும், அது நார்; எவ்வளவு வெந்தாலும் பல்லில் மாட்டும். முழு ஆரஞ்சு நிறம் வரும் வரை இரண்டு மூன்று தடவை சீவ வேண்டும். கழுத்துப் பகுதியில் விதையே இல்லை, ஒரே சீரான சதை. சதுரத் துண்டுக்கு ஏற்றது அதுதான். வார நாளில் கழுத்து நீளமான காயாக வாங்கினால் வேலை பாதி.

சீவும்போது கசியும் பால் கையில் காய்ந்தால் தோல் இறுகிப் பிடித்தாற்போல இருக்கும், சிலருக்கு உரியவும் செய்யும். சோப்புக்கும் எளிதில் போகாது. தொடங்கும் முன்பே கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளலாம், ஆனால் கத்திப் பிடியில் எண்ணெய் பட்டால் வழுக்கும். கையுறைதான் உத்தமம்.

கபோச்சா, ரெட் கூரி போன்ற உருண்டை வகைகளுக்குத் தோல் சீவவே வேண்டாம், வெந்ததும் தோலோடு சாப்பிடலாம். ஆனால் அவை கல் மாதிரி இருக்கும். நாலைந்து இடத்தில் கத்தி முனையால் ஆழமாகக் குத்திவிட்டு, மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்தெடுங்கள். தோல் இளகிக் கத்தி இறங்கும். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும்.

வாங்கும்போது காம்பைப் பாருங்கள். தக்கை போலக் காய்ந்து, உடையாமல் ஒட்டியிருக்க வேண்டும். தோல் மங்கலாக இருக்க வேண்டும். பளபளப்பு என்றால் முற்றுவதற்குள் பறித்திருக்கிறார்கள். நகத்தால் கீறினால் இறங்கக் கூடாது. ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். வெட்டாத காய் காற்றோட்டமான, 10 முதல் 13 டிகிரி உள்ள இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். கபோச்சா பறித்த சில வாரம் கழித்துத்தான் இனிக்கும், அதற்குள் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். ஆப்பிள் கூடையை மட்டும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் காயைச் சீக்கிரம் கெடுக்கும். ஒன்றாகச் சமைக்கிற இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது.

ஓவன் இல்லாதவர்களை இந்தக் குறிப்புகள் எப்போதும் மறந்துவிடுகின்றன. அடி கனமான, அகன்ற வாணலி போதும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் 500 கிராம் பரங்கித் துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, உப்பு தூவி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு மிதமான தீயில் ஆறேழு நிமிடம். இங்கே ஓவனுக்கு நேர்மாறு: முதலில் அவித்துவிட்டுப் பிறகு சிவக்க வைக்கிறோம். கத்தி முக்கால் ஆழம் இறங்கியதும் மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டுங்கள். தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் சலசலக்கும் சத்தம் மாறும் வரை தொடாதீர்கள். அடி சிவந்ததும் புரட்டி, ஒரு ஆப்பிளின் வில்லைகளை நடுநடுவே செருகி, ஐந்து நிமிடம். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டால் ஆப்பிள் கூழ். வெங்காயத்தைத் தனியே முன்னதாக வதக்கி எடுத்துவைத்து, கடைசியில் சேருங்கள். பரங்கியோடு போட்டால் இரண்டும் அரைகுறை. மொத்தம் 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஓவனைவிட வேகம். நிறம் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

இதையே இரவுச் சாப்பாடாக்க வேண்டுமானால் வேகவைத்து வடித்த கொண்டைக்கடலை ஒன்றரைக் கோப்பை, துணியால் ஈரம் ஒற்றி, ஆப்பிளோடு சேர்த்து ட்ரேயில் போடலாம். ஈரம் ஒற்றாமல் போட்டால் அதுவரை சிவந்த பரங்கியும் நனைந்துவிடும். விதைகளை எறிய வேண்டாம். நார் போகக் கழுவி, துணியில் துடைத்து, ட்ரே வெளியே வந்ததும் ஓவனை 160 டிகிரிக்குக் குறைத்து, கால் தேக்கரண்டி எண்ணெய் பிசிறி 15 நிமிடம் வறுத்தால் மேலே தூவ ஆயிற்று.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் தளதளவென்று ஆகிவிடும். எண்ணெய் இல்லாத சூடான வாணலியில் நாலு நிமிடம் புரட்டினால் ஓரங்கள் பழையபடி வரும். இல்லையா, 500 கிராம் மீந்ததற்கு 400 மில்லி தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து அரைத்தால் சூப். முதல் நாள் குழைந்துபோன ட்ரேக்கும் கதிமோட்சம் அதுதான்.

கடைசியாக ஒன்று, ருசி பற்றியது அல்ல. இலையுதிர் காலத்தில் வாசல் அலங்காரத்துக்கென்று விற்கும் சின்னச் சின்னச் சுரை, பூசணி வகைகள் சமைப்பதற்கானவை அல்ல. அவற்றில் குகுர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு இருக்கும். பக்கத்தில் வளர்ந்த அத்தகைய செடியின் மகரந்தம் கலந்து, அந்த விதையை எடுத்து வைத்து மறு ஆண்டு தோட்டத்தில் போட்டால் பார்க்க நல்ல பரங்கி போலவே இருக்கும் காயிலும் அது ஏறிவிடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பிடிப்பு உண்டாகும். சில வாரம் கழித்து முடி கொட்டியதாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு. வீட்டுத் தோட்டத்துக் காய் என்றால் நறுக்கியதும் ஒரு மெல்லிய சீவலை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். பரங்கி பச்சையாக இருக்கும்போது இனிப்பாகவோ சப்பென்றோ இருக்கும், கசக்கவே கசக்காது. கசந்தால் உப்பும் தேனும் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காமல் முழுக்காயையும் குப்பையில் போட வேண்டும். சமைத்த பிறகு தெரிந்தால் ட்ரேயோடு. அடுத்த முறை இந்தக் குறிப்பை அச்சிடும்போது கிராம் கணக்குக்கு இடமில்லாவிட்டாலும், கசந்தால் சாப்பிடாதீர்கள் என்ற இந்த ஒரு வரிக்காவது சமையல் பக்கத்தில் இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சமையல் பக்கத்தை விடாமல் படிக்கும் வாசகர்